துக்கத்தில் ஜெபிக்க வார்த்தை வராதவர்களுக்கு: வீட்டில் செய்ய ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும்

தாம்வே_தபித்தாள் கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோனில் எங்கள் சபைப் பெண்கள் புதன்கிழமை மாலை கூடி ஜெபிக்கிறோம். பதினோரு பேர். அதில் நாலு பேர் வீட்டில் சமீபத்தில் சாவு. இரண்டு தாய்மாருக்கு, எல்லை தாண்டி வேலைக்குப் போன பிள்ளைகளிடமிருந்து மாதக்கணக்கில் சேதி இல்லை. கூட்டத்தில் இருக்கும்வரை தாங்கிக்கொள்கிறார்கள். வீட்டில் தனியே உட்கார்ந்தால் வேதத்தில் எழுத்து ஓடவில்லை, முழங்கால் போட்டால் அழுகை வருகிறதே தவிர வார்த்தை வரவில்லை.

அவர்கள் கையில் கொடுக்க ஒரு ஒழுங்கு வேண்டும். தினம் எவ்வளவு நேரம், எந்தப் பகுதி, எந்த வரிசை? "துதித்துப் பாடு, துக்கத்தின் ஆவி ஓடிவிடும்" என்று சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். பாடிப் பார்த்தவர்கள் இன்னும் சோர்ந்துதான் வருகிறார்கள். ஒரு அக்கா 21 நாள் உபவாசம் எடுக்கப் போகிறார்; அவர் நரம்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அதையும் நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நிற்கப் போவதாகச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்று, இளையவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கரண்ட் வருவதும் போவதும் உங்களுக்குத் தெரிந்ததே. இதையெல்லாம் வைத்து யோசித்துச் சொல்லுங்கள்.


சங்கீத_வாசகன்:

தங்கச்சி, துதியில் தொடங்காதீர்கள். முறையீட்டில் தொடங்குங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். வார்த்தை வராதவர்களுக்குக் கர்த்தர் முன்கூட்டியே எழுதி வைத்த வார்த்தைகள் அவை.

முதல் இரண்டு வாரத்துக்கு 13ஆம் சங்கீதம் ஒன்று போதும். ஆறே வசனம். வாய்விட்டு நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம். அதற்குள் மூன்று அறை இருக்கிறது. 1, 2 வசனங்களில் முறையீடு: "எதுவரைக்கும்" என்ற சொல் நாலு முறை வருகிறது. 3, 4இல் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6இல் நம்பிக்கை. செய்ய வேண்டியது இதுதான். உட்கார்ந்து மூன்று முறை மூச்சை மெதுவாக விடவும். சங்கீதம் முழுவதையும் ஒருமுறை வாசிக்கவும். பிறகு முதல் வசனத்துக்குத் திரும்பி, "எதுவரைக்கும்" என்று தொடங்கித் தன்னுடைய சொந்த வாக்கியம் ஒன்றைச் சொல்லவும். "எதுவரைக்கும் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே தூங்குவேன்?" இப்படி. நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது, ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அடுத்து, இன்றைக்கு மட்டும் தேவையான ஒன்றைக் கேட்கவும்: இன்று இரவு நாலு மணி நேரம் தூக்கம், நாளை அலுவலகத்தில் அழாமல் இருக்கப் பெலன். பெரிய விண்ணப்பங்கள் அப்புறம். கடைசியாக 5ஆம் வசனத்தை அப்படியே வாசித்து முடிக்கவும். அதை நம்ப முடியவில்லை என்றால் நம்புவதுபோல நடிக்க வேண்டாம். "இந்த வசனம் இன்று எனக்கு வரவில்லை, நீர் வைத்திரும்" என்று சொல்லி மூடலாம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அரை மணி நேரம் கொடுத்தீர்களானால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள், விட்டதற்கும் சேர்த்துக் குற்றவுணர்வு வரும்.

வழக்கமாக இது கெடுவது ஓரிடத்தில். முறையீட்டைத் தாண்டி ஒரே ஓட்டமாக 5ஆம் வசனத்துக்குப் போய்விடுவது. கட்டியைக் கீறிச் சீழை எடுக்காமல் மேலே கட்டுப் போடுவது போன்றது அது. வலி உள்ளேயே நிற்கும்.

88ஆம் சங்கீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18 வசனம், கடைசிவரை விடியலே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படியொரு ஜெபமும் வேதத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதை ராத்திரியில் தனியே வாசிக்கக் கொடுக்காதீர்கள். புதன்கிழமை எல்லோரும் கூடியிருக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும்.

"துக்கத்தின் ஆவி" பற்றி. அதற்கு ஏசாயா 61:3ஐக் காட்டுவார்கள், "ஒடுங்கின ஆவிக்குப் பதிலாகத் துதியின் உடை". முழு வாக்கியத்தையும் வாசியுங்கள். அந்த உடையைக் கொடுக்கிறவர் கர்த்தர். துயரப்பட்டவன் தானாகத் தைத்து உடுத்திக்கொள்ள வேண்டிய உடை அல்ல. அதற்கு முந்தின வசனமே துயரப்பட்ட அனைவருக்கும் ஆறுதல் செய்வதைப் பற்றியது. 1 தெசலோனிக்கேயர் 4:13ஐயும் அப்படித்தான் வளைக்கிறார்கள். பவுல் துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்காதீர்கள் என்று எழுதினார். லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர்விட்டார்.

நம் நாட்டில் வேலை செய்த ஊழியரையே பாருங்கள். 1813இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் அப்போதைய தலைநகர் ஆவாவில் சிறையிருந்து மீண்டார். பிறகு 1826 அக்டோபரில் அவருடைய மனைவி ஆன் ஆம்ஹர்ஸ்டில், அதாவது இன்றைய சைக்கமியில், இறந்துபோனார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டாள். ஜட்சன் மோல்மேன் பக்கம் காட்டில் குடிசை போட்டு, தனக்கே ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று அந்நாட்களில் எழுதினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? பிறகு மீண்டு வந்து 1834 ஜனவரியில் பர்மிய வேதத்தை மொழிபெயர்த்து முடித்தார். உங்கள் கூட்டத்து இளையவர்கள் கையில் வைத்திருக்கும் பர்மிய வேதத்துக்குப் பின்னால் அந்தக் குழி இருக்கிறது. இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். தனிமையில் கடுமையாகத் தன்னை ஒடுக்கிக்கொண்டது அவரைக் குணமாக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


பெகு_செபமாலை:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், தபித்தாள் அக்கா. உங்களுக்கு ஆகாததை விட்டுவிடுங்கள்.

வாசகன் அண்ணன் சொன்ன சங்கீதத்தை எங்கள் வீடுகளில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கத்தோலிக்க வேதாகமங்களில் எண் ஒன்று குறைவாக இருக்கும்: 13 என்பது 12, 88 என்பது 87. இப்போதைய பொது மொழிபெயர்ப்பில் உங்கள் எண்தான், பெயர் மட்டும் திருப்பாடல். கலப்புக் குடும்பங்களில் இந்த எண் குழப்பத்தால் ஆளுக்கொரு பாடலை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

வார்த்தை வராத துக்கத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிற செபம் மிகவும் உதவும். கெத்செமனியில் ஆண்டவரே அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாம் முறையும் செபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. செபமாலை முழுவதும் சொல்ல இருபது நிமிடம் ஆகும். ஆரம்பத்து மூன்றையும் சேர்த்து 53 அருள்நிறை மந்திரம், அதாவது மாதாவை வாழ்த்திச் சொல்லும் சின்னச் செபம். துக்கத்தின் முதல் மாதங்களில் அது அதிகம். மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் போதும்: ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறை மந்திரம், ஒரு "பிதாவுக்கும் சுதனுக்கும்" செபம். நாலு நிமிடத்துக்குள் முடியும். மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு மந்திரம் முடிந்த பிறகுதான் அடுத்த மணிக்கு நகர வேண்டும். மனம் ஓடிப்போனாலும் விரல் நிற்கிற இடம் தெரியும். அழுகை வந்து நடுவில் நின்றாலும் அதே மணியில் பிடித்துக்கொண்டு இருக்கலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை, இருட்டில் கைக்குத் தெரியும்.

சேதி இல்லாத பிள்ளைகளின் தாய்மாருக்கு வியாகுல மாதாவின் ஏழு வியாகுலங்களில், அதாவது மாதா பட்ட ஏழு துயரங்களில், மூன்றாவதைக் கொடுங்கள். பன்னிரண்டு வயது இயேசுவை எருசலேமில் தொலைத்துவிட்டு மூன்று நாள் தேடியது, லூக்கா 2:41 முதல் 51 வரை. இறந்த பிள்ளைக்காகத் துக்கிப்பதும் காணாத பிள்ளைக்காகத் துக்கிப்பதும் ஒன்றல்ல. காணாதவர்களுக்கு மற்றவர்கள் சொல்லும் "கடவுள் சித்தம்" என்ற வார்த்தை பிள்ளை செத்துவிட்டதாக ஒப்புக்கொள்ளச் சொல்வதுபோல இருக்கும். அந்தப் பகுதியில் மாதா கேட்கிற கேள்வியைப் பாருங்கள். மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய், உன்னைத் தேடினோமே. கோபமும் தேடலும் ஒரே மூச்சில். இயேசு சொன்ன பதில் அவர்களுக்கு அப்போது விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. விளங்காத பதிலோடு மாதா வீடு திரும்பினாள், எல்லாவற்றையும் இருதயத்தில் வைத்துக்கொண்டாள். உங்கள் சபையில் மாதா பக்தி இல்லாவிட்டாலும் இந்த லூக்கா பகுதியை வாசிக்கத் தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விதி, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதியது. ஆறுதலற்ற வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. துக்கத்தில் இருப்பவர்கள் வீட்டை விற்பது, சபையை விடுவது, துறவு போவதாக நேர்ச்சை செய்வது என்று வேகமாக முடிவு எடுப்பார்கள். நேர்ச்சை விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன், முதல் வருடம் பெரிய நேர்ச்சை வேண்டாம். நிறைவேற்ற முடியாத நேர்ச்சை பிறகு தனிப் பாரமாகிவிடும்.

நாள்களையும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். நமது பௌத்த அண்டை வீட்டார் ஏழாம் நாள் அன்னதானம் வைக்கிறார்கள், அதுவரை வீடு நிறைய ஆள் இருக்கும். எட்டாம் நாள்தான் வீடு வெறிச்சோடும். எங்களுக்கு முப்பதாம் நாள் பூசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், ஆண்டுத் திவசம். கிறிஸ்துமஸும் பிறந்தநாளும் இவற்றோடு சேரும். அந்த வாரத்தில் யாராவது ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். பிப்ரவரியில் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் புதிதாகத் துக்கப்பட்டவர்களை அன்போடு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டமும் ஒலிபெருக்கியும் சிலருக்குத் தாங்காது. கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஒரே பாவத்தை வாராவாரம் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவ அறிக்கை செய்யும்போது, சொல்கிறவர் இருந்தால், உதாரணமாக "ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் முன்னாலேயே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பார்" என்பதையே திரும்பச் சொல்கிறவர், அவருக்கு மன்னிப்பு ஒருமுறை போதும் என்று குருவானவர் சொல்லி நிறுத்துவார். அதற்கு மேலும் நிற்கவில்லை என்றால் அது மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதை அடுத்து எழுதுகிறவர்கள் சொல்லட்டும்.


மருந்துச்சீட்டு:

உபவாசமும் மாத்திரையும் என்ற இடத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அந்த அக்கா தொடங்குவதற்கு முன் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் வேதத்திலிருந்தே. 21 நாள் என்பது தானியேல் 10இல் வருகிற மூன்று வாரம். அங்கே தானியேல் பட்டினி கிடக்கவில்லை. ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் இவற்றைத்தான் விட்டான். ஆக அந்த அக்கா வேளாவேளைக்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டே 21 நாள் நிற்கலாம். இறைச்சியை விடட்டும், டீக்கடைப் பாலாடை டீயை விடட்டும், வெற்றிலையை விடட்டும், ராத்திரி 9 மணிக்கு மேல் போனை விடட்டும். அதுவும் ஒறுத்தல்தான்.

இனி மாத்திரை. "நரம்பு மாத்திரை" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஃப்ளூவோக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மருந்து என்றால், அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இந்த வகையில் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், உடம்பில் கரண்ட் அடிப்பதுபோல ஒரு வெட்டு, தூக்கமின்மை, பயங்கரக் கனவு, எரிச்சல் வரும். உபவாசத்தின் மூன்றாம் நான்காம் நாள் இது வரும்போது, பிசாசின் தாக்குதல் என்று இன்னும் தீவிரமாக உபவாசிக்கச் சொல்லிவிடுவார்கள். மருந்து நின்றதன் விளைவு அது.

லித்தியம் என்றால் இன்னும் ஆபத்து. தண்ணீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. டயஸிபாம் மாதிரித் தூக்க மாத்திரை என்றால், அதைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கித் தின்கிறவர்கள் அதிகம். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் உடம்பு அதற்குப் பழகிவிடும். அப்புறம் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். இந்த மூன்று வகையிலும் குறைப்பது டாக்டர் சொல்கிற அளவில், படிப்படியாக. சரக்கு வராமல் போகிற காலம் இது. குறைந்தது இரண்டு வார மாத்திரை கையில் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

"மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லையா?" என்று கேட்டால் 1 இராஜாக்கள் 19ஐத் திறங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கினான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேபுக்கு நாற்பது நாள் நடை, அதற்கும் பிறகுதான் அமர்ந்த மெல்லிய சத்தம். சாப்பாடு, தூக்கம், பிறகு பேச்சு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பவுலோடு கூட இருந்தவர் லூக்கா என்ற வைத்தியர், கொலோசெயர் 4:14.

எப்போது டாக்டர்? ஒருவரைப் பறிகொடுத்த துக்கம் அலையாக வரும், நடுவில் கொஞ்சம் சிரிப்பும் வரும், பழைய நினைவைப் பேசினால் முகம் இளகும். அலையே இல்லாமல் இரண்டு வாரம் முழுவதும் ஒரே சாம்பலாக இருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், விடியற்காலை 3 மணிக்கு விழித்து அப்புறம் தூக்கமே இல்லை என்றால், நான் எதற்கும் உதவாதவள் என்ற பேச்சே வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். துக்கமே ஒரு வருடம் தாண்டியும் துளி குறையாமல் அன்றாட வேலையை முடக்கினால் அதற்கும் இப்போது மருத்துவத்தில் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. வேறு யாருக்கும் கேட்காத குரல் கேட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

சாவைப் பற்றிப் பேசினால் நேராகக் கேளுங்கள்: "அக்கா, செத்துப்போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலருக்கு யாராவது கேட்டார்களே என்று இருக்கும். ஆம் என்றால் அன்றைக்குத் தனியே விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரை டப்பாவும் வேறு வீட்டுக்குப் போகட்டும், டாக்டரிடம் கூடவே போங்கள். அது பாவம் என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை.


தாம்வே_தபித்தாள்:

ஐயோ, எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்காவின் மாத்திரை அட்டையைப் பார்த்தேன், செர்ட்ராலின். தானியேல் 10ஐ வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மாத்திரையை விடவில்லை என்று சொன்னார்.

இரண்டு கேள்வி பாக்கி. கூட்டத்தில் ஒருத்தியைப் புருஷன் அடித்துத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். "மன்னித்துத் திரும்பிப் போ, உள்காயம் ஆறிவிடும்" என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். இன்னொன்று, பாட்டை முழுவதும் விட்டுவிட மனம் வரவில்லை. எப்படிப் பாடினால் நல்லது?


சங்கீத_வாசகன்:

மன்னிப்பும் திரும்பிப் போவதும் இரண்டு வெவ்வேறு காரியம். 1 சாமுவேல் 26ஐ வாசித்துக் கொடுங்கள். தாவீது சவுலின் தலைமாட்டில் இருந்த ஈட்டியைக்கூட எடுத்துத் திருப்பிக் கொடுத்தான், பழிவாங்கவில்லை. சவுல், நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா என் குமாரனாகிய தாவீதே என்று அழைத்தான். தாவீது போனானா? கடைசி வசனத்தைப் பாருங்கள்: தாவீது தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினான். பழியைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு, ஈட்டி எறிகிற கைக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தான். அவளும் அப்படி இருக்கலாம். லூக்கா 17:3 மனஸ்தாபப்பட்டால் என்று சொல்கிறது, மனஸ்தாபம் என்பது ஒரு நாள் அழுகை அல்ல, மாதக்கணக்கில் பிறர் கண்ணால் பார்க்கிற மாற்றம்.

அவளுடைய ஜெபத்துக்கு 55ஆம் சங்கீதம். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன், நீயே அவன் என்று 12, 13 வசனங்களில் வருகிறது. தெரிந்தவன் கையால் பட்ட அடிக்கு அந்த இடம் மாதிரி வேறு இல்லை. மன்னிக்கிறேன் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். "மன்னிக்க விரும்புகிறவளாக என்னை ஆக்கும்" என்பதுவரை வந்தாலே அது பெரிய தூரம். ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் இதைப் பேசவும் வேண்டாம்.


கீர்த்தனை_தாளம்:

பாட்டுக்கு நான் வருகிறேன், தபித்தாள் அக்கா.

அழுகிறவர்களுக்குத் தொண்டை இறுகியிருக்கும், மூச்சு குட்டையாக இருக்கும். நீங்கள் வழக்கமான சுருதியில் எடுத்தால் மேல் ஸ்தாயியில் குரல் உடையும், உடைந்ததும் வெட்கப்பட்டு வாயை மூடிவிடுவார்கள். சோர்ந்து வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, பாதிக் காரணம் இது. ஐந்து கட்டையில் பாடுவதை நாலுக்கு இறக்குங்கள். கை தட்ட வேண்டாம், டிரம் பேட் வேண்டாம். சரணம் எல்லாம் பாடாமல் பல்லவியும் ஒரே ஒரு சரணமும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு முழு மூச்சுக்கு இடம் விடுங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துப் பாட்டுகளைத் தேடுங்கள், முகாரி மாதிரி ராகங்களில் மெதுவாகப் போகிறவை நம் கீர்த்தனைப் புத்தகங்களில் இருக்கின்றன. நம் முன்னோர் துக்கத்தையும் பாட்டாகவே வைத்துப் போயிருக்கிறார்கள், கொண்டாட்டப் பாட்டு மட்டும்தான் ஆராதனை என்று ஆனது பிற்பாடு. பாட முடியாதவர் வாயை மூடிக்கொண்டு ஹம் பண்ணலாம், அதுவும் மூச்சை நீளமாக்கும்.

மொழி விஷயம். ஒரு மூத்தவர் சங்கீதத்தைத் தமிழில் சத்தமாக வாசிக்க, இளையவர் பர்மிய வேதத்தில் ஸாலன் என்ற பகுதியில் அதே எண்ணைத் திறந்து விரல் வைத்துக் கேட்கட்டும். வசன எண் ஒன்றுதான். பிறகு இடத்தை மாற்றி, இளையவர் பர்மியத்தில் வாசிக்கட்டும். முறையீட்டு வாக்கியத்தை மட்டும் எந்த மொழியில் அம்மா தாலாட்டினாளோ அந்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் எழுதத் தெரியாதவர்கள் பர்மிய எழுத்திலேயே தமிழ்ச் சொல்லை எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை.

கரண்ட்டுக்கு ஒரு யோசனை. ஏழு மணி ஜெபம் என்று நேரத்தோடு கட்டாதீர்கள், வெளிச்சம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேலையோடு கட்டுங்கள்: ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்த உடனே. 13ஆம் சங்கீதம் ஆறு வசனம், ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்தால் அடுத்த புதன்கிழமைக்குள் மனப்பாடம், அப்புறம் மெழுகுவர்த்திகூடத் தேவையில்லை. புதன்கிழமை கூட்டத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் டம்ளர்களும் நடுவில் இருக்கட்டும். யாராவது அழத் தொடங்கினால் உடனே தோளைத் தட்டிப் பாட்டைத் தொடங்காதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்ததுவரை நன்றாகத்தான் செய்தார்கள். அழுது முடித்து அவரே தண்ணீருக்குக் கை நீட்டுவார், அப்போது டம்ளரைக் கொடுத்துவிட்டு, நாலு கட்டையில், பல்லவியை எடுங்கள்.